நான்கு நாட்டாரின் கல்விக்கூடம்: பிராக் நகரமும் அதன் பழம்பல்கலைக்கழகமும்

ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு வடக்கிலும் ரைன் ஆற்றுக்குக் கிழக்கிலும் பரந்து கிடக்கும் ஐரோப்பிய நிலப்பரப்பில், 1348ஆம் ஆண்டுக்கு முன் பல்கலைக்கழகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இருக்கவில்லை. போலந்திலோ ஹங்கேரியிலோ சாக்சனியிலோ பொஹீமியாவிலோ பிறந்த ஓர் இளைஞன் சட்டத்தையும் மருத்துவத்தையும் இறையியலையும் முறையாகக் கற்க விரும்பினால், வாரக்கணக்கில் வழிநடந்து பாரிசுக்கோ இத்தாலியின் பொலோஞாவுக்கோ போய்ச் சேர வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பொஹீமிய மன்னர் நான்காம் சார்லஸ், அறிவுப் பசி கொண்ட தம் மக்கள் அயல்நிலங்களில் இரந்து நிற்கலாகாது, அவர்களுக்குத் தம் நாட்டிலேயே பந்தி விரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் கருத்தை எழுதிய ஒரு பட்டயத்தால், தம் தலைநகரமான பிராக்கில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். செக் மக்கள் பிரஹா என்று அழைக்கும் அந்நகரத்துக்கு இன்று செல்வோர் கோட்டையையும் பாலத்தையும் வானியல் கடிகாரத்தையும் கண்டு திரும்புகின்றனர். மதிற்சுவரோ தனி வளாகமோ இல்லாமல் தெருவீடுகளோடு வீடுகளாகக் கலந்து நிற்கும் பல்கலைக்கழகக் கட்டடங்கள் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. ஆயினும் அக்கல்விக்கூடம் யாருக்கு உரியது, அது எம்மொழியில் பேச வேண்டும் என்ற கேள்விதான் அறுநூறு ஆண்டுகளாக அந்நகரத்தின் அரசியலை மீண்டும் மீண்டும் கலக்கியிருக்கிறது. அக்கேள்வியைப் பின்தொடராமல் பிராக்கின் கற்களைப் படிப்பது கடினம்.

நிறுவியவரின் வாழ்க்கையே அக்கேள்விக்கு ஒரு முன்னுரை போன்றது. 1316இல் பிராக்கில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் வாத்ஸ்லாவ், அதாவது செக் மக்களின் காவல் புனிதரின் பெயர். ஏழு வயதில் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே சார்லஸ் என்ற பெயரைப் பெற்று, 1333இல் திரும்பி வந்தபோது தாய்நாட்டு மொழியை முற்றிலும் மறந்திருந்ததாகவும், பின்னர் அதை மீண்டும் கற்று, செக், பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், இலத்தீன் ஆகிய ஐந்தையும் பேசவும் எழுதவும் படிக்கவும் வல்லவரானதாகவும் தம் தன்வரலாற்றிலேயே குறித்திருக்கிறார். அரசர் ஒருவர் தம் மொழியை இழந்ததையும் மீட்டதையும் வெட்கமின்றி எழுதிவைத்திருப்பது அக்காலத்தில் அரிய செய்தி. பிற்காலத்தில் பேரரசராக முடிசூடி, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்து 1356இல் அவர் வெளியிட்ட பொன்முத்திரைச் சட்டமும், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற இளவரசர்களின் மைந்தர்கள் ஏழு வயது முதல் இத்தாலிய, சிலாவிய மொழிகளைக் கற்க வேண்டும் என்று விதிக்கிறது. பாரிசில் அவருக்கு ஆசிரியராக இருந்த பியேர் ரோஜே என்னும் துறவி ஆறாம் கிளமெண்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானதும் காலத்தின் நற்பேறு. இறையியல் உள்ளிட்ட நான்கு துறைகளோடும் பிராக்கில் கல்விக்கூடம் அமைய இசைவளித்த ஆணை 1347 சனவரியில் அவரிடமிருந்தே வந்தது.

பல்கலைக்கழகத்தைத் தனியே எண்ணி அம்மன்னர் கட்டவில்லை என்பதை வலியுறுத்த வேண்டும். 1344இல் பிராக் பேராயத்தின் தலைமையிடமாக உயர்ந்தது; அதே ஆண்டு கோட்டைக்குள் புனித வித்துஸ் பேராலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது, அதன் முழுப் பணி 1929இல்தான் முடிந்தது. 1348இல் பல்கலைக்கழகப் பட்டயத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக, வல்தாவா ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்த பழைய நகரை அணைத்தாற்போலப் புதிய நகரம் ஒன்றை அமைக்கும் ஆணை வெளியாயிற்று; குதிரைச்சந்தை, மாட்டுச்சந்தை, வைக்கோற்சந்தை என்று அதில் ஒதுக்கிய அகன்ற வெளிகள் இன்றும் நகரின் பெருஞ்சதுக்கங்களாக விளங்குகின்றன; அவற்றுள் குதிரைச்சந்தையே இப்போதைய வாத்ஸ்லாவ் சதுக்கம். 1342 வெள்ளத்தில் பழைய கற்பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால், 1357இல் புதிய பாலத்துக்குக் கால்கோள் செய்யப்பட்டது. பதினாறு வளைவுகளும் ஏறத்தாழ 516 மீட்டர் நீளமும் கொண்ட அந்தப் பாலமே 1841 வரை ஆற்றின் இரு கரைகளையும் இணைத்த ஒரே வழியாக இருந்தது. சிலாவிய மொழியில் வழிபாடு நடத்தும் துறவியருக்கென்று எம்மாவுஸ் மடம் ஒன்றும் புதிய நகரில் எழுந்தது. பேராலயம், பாலம், சந்தை, மடம், கல்விக்கூடம் ஆகிய எல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒரே எண்ணத்தின் கிளைகளாக முளைத்தன. குட்னா ஹோரா என்னும் மலையூரில் தோண்டிய வெள்ளி இத்தனைக்கும் ஈடுகொடுத்தது.

தொடக்க ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு என்று ஒரு கட்டடம் இல்லை. ஆசான்கள் தம் இல்லங்களிலும் மடங்களிலும் பாடம் சொன்னார்கள். இறையியலை மடத்துப் பள்ளிகள் ஏற்றன. 1366இல் மன்னர், பன்னிரண்டு ஆசான்கள் உணவும் உறைவிடமும் பெற்று ஒருங்கே வாழ்ந்து கற்பிக்க, சார்லஸ் கல்லூரி என்ற அறநிலையத்தை ஏற்படுத்தினார். அன்றைய வழக்கில் கல்லூரி என்றால் பாடம் நடக்கும் இடம் என்பதைவிட ஆசிரியர் கூடி வாழும் இல்லம் என்றே பொருள். அவர் மைந்தர் நான்காம் வாத்ஸ்லாவ் காலத்தில், 1380களில், யோஹ்லின் ரோட்லெவ் என்னும் செல்வரின் மாளிகை அதற்குக் கிடைத்தது. கரோலினம் என்று இன்று வழங்கும் கட்டடம் அதுவே. 1718இல் பரோக் பாணியில் மாற்றப்பட்டும், இரண்டாம் உலகப்போருக்குப் பின் கட்டடக் கலைஞர் யாரோஸ்லாவ் ஃபிராக்னர் கையால் புதுப்பிக்கப்பட்டும் அதன் முகம் பெரிதும் மாறிவிட்டது. தெருவின் மீது நீட்டி நிற்கும் ஒரு சிற்றாலயச் சாளரம் மட்டும், நுண்ணிய கற்கொடிகளோடும் கூரிய வளைவுகளோடும், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அப்படியே தப்பியிருக்கிறது. மொஸார்ட்டின் 'டான் ஜியோவான்னி' 1787இல் முதன்முதலாக அரங்கேறிய நாடகசாலை அதன் பக்கத்திலேயே இருப்பதால், அங்கே வருவோர் எல்லாரும் நாடகசாலையை நோக்கித் திரும்பிவிடுகிறார்கள்; சற்றே அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் அச்சாளரம் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் ஆட்சிமுறை இங்கே விளக்கத்துக்கு உரியது. பாரிசையும் பொலோஞாவையும் பின்பற்றி, ஆசிரியரும் மாணவரும் தாம் வந்த திசையைக் கொண்டு நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இலத்தீனில் 'நாட்சியோ' எனப்பட்ட இக்குழுவைத் தமிழில் 'நாட்டார்' என்பது பொருந்தும்; ஏனெனில் இச்சொல் அக்காலத்தில் இனத்தையோ தாய்மொழியையோ குறிக்கவில்லை, பிறந்த நிலத்தையே குறித்தது. பொஹீமிய நாட்டார், பவேரிய நாட்டார், போலந்து நாட்டார், சாக்சனி நாட்டார் என்பன அந்நான்கும். பொஹீமியருள் மொராவியரும் ஹங்கேரியரும் மட்டுமன்றிப் பொஹீமியாவில் பிறந்த ஜெர்மன் மொழியினரும் அடங்குவர். போலந்து நாட்டாருள் சிலேசியாவிலிருந்து வந்த ஜெர்மன் மொழியினர் பலர் இருந்தனர். தலைவரைத் தேர்வதிலும் முடிவெடுப்பதிலும் ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரு வாக்கு. கற்பித்தல் முழுவதும் இலத்தீனில் நடந்தது. ஆகவே அப்பல்கலைக்கழகம் தொடக்கத்தில் செக் மக்களுடையதா ஜெர்மானியருடையதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் இருதரப்பாக நின்று எழுதிக் குவித்த வாதங்களுக்கு, பதினான்காம் நூற்றாண்டுச் சான்றுகளில் இடமே இல்லை. பழைய முத்திரையில் நான்காம் சார்லஸ் மண்டியிட்டு, பட்டயத்தைப் புனித வாத்ஸ்லாவின் கையில் சேர்க்கிறார். நிறுவியவர் அதை ஒரு புனிதருக்கு ஒப்படைத்தாரேயன்றி ஒரு மொழியாருக்குப் பட்டா எழுதவில்லை.

எனினும் நான்கு வாக்குகளின் சமநிலை அறுபது ஆண்டுகள்தான் நீடித்தது. கிராக்கோ 1364இலும் வியன்னா 1365இலும் ஹைடெல்பர்க் 1386இலும் தத்தம் பல்கலைக்கழகங்களைப் பெற்றதால் வெளியிலிருந்து பிராக்குக்கு வருவோர் குறைய, உள்நாட்டுச் செக் ஆசான்களின் எண்ணிக்கையும் தன்னுணர்வும் வளர்ந்தன. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஜான் விக்லிஃப், திருச்சபையின் செல்வத்தையும் அதிகாரத்தையும் கண்டித்து எழுதிய நூல்களை, அங்கே பயின்று திரும்பிய பிராக் நகர ஜெரோம் போன்றோர் கொண்டுவந்தபோது, செக் ஆசான்கள் பலர் அவற்றை ஆர்வத்தோடு ஏற்றனர். மற்ற மூன்று நாட்டாரும் 1403இல் விக்லிஃபின் நாற்பத்தைந்து கருத்துகளைப் பிழையென்று தள்ளச் செய்தனர். ஒருவருக்கு எதிராக மூவர் என்ற அக்கணக்கு செக் ஆசான்களின் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று.

முடிவு வேறொரு சிக்கலின் வழியே வந்தது. ஒரே காலத்தில் இரண்டு போப்பாண்டவர்கள் உரிமை கொண்டாடிய அந்நாளில், இருவரையும் விலக்கிப் புதியவரைத் தேர இத்தாலியின் பீசாவில் கூடவிருந்த பேரவைக்குத் துணைநிற்க நான்காம் வாத்ஸ்லாவ் விரும்பினார். பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைக் கேட்டார். பொஹீமிய நாட்டார் இசைந்தனர், மற்ற மூவரும் மறுத்தனர். குட்னா ஹோராவில் தங்கியிருந்த மன்னர் 1409 சனவரி 18ஆம் நாள் ஓர் ஆணையால் வாக்குகளைத் தலைகீழாக்கினார். அதன்படி இனிப் பொஹீமிய நாட்டாருக்கு மூன்று வாக்கு. மற்ற மூன்று நாட்டாருக்கும் சேர்த்து ஒன்று. அநீதி பொறுக்காத ஜெர்மன் ஆசான்களும் மாணவர்களும் பெருங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். அவர்களால் அதே ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகம் பிறந்தது. செக் வரலாற்று நூல்கள் இவ்வாணையை நெடுங்காலம் விடுதலையாகக் கொண்டாடின. அதில் உள்நாட்டவருக்கு நியாயம் இருந்தது உண்மைதான். ஆனால் ஐரோப்பா முழுவதையும் தன்பால் ஈர்த்த ஒரு கல்விக்கூடம் ஒரே ஆண்டில் ஒரு நாட்டின் பள்ளியாகச் சுருங்கியதும் அதே ஆணையால்தான். அதன் இழப்பைச் சிறிதாக்கிப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு.

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் புதிய தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யான் ஹுஸ். ஏறத்தாழ 1370இல் எளிய குடும்பத்தில் பிறந்து, 1396இல் ஆசான் பட்டம் பெற்று, 1402 முதல் பழைய நகரின் பெத்லகேம் சிற்றாலயத்தில் செக் மொழியில் மறையுரை ஆற்றிவந்தவர் அவர். 1391இல் எழுப்பப்பட்ட அச்சிற்றாலயம் உண்மையில் வழிபாட்டுக்கூடம் என்பதைவிட உரை கேட்கும் மண்டபமாகவே அமைந்தது. அலங்காரமற்ற அகன்ற கூடத்தில் கைவினைஞரும் வீட்டுப் பெண்களும் மாணவரும் அருகருகே நின்று, தமக்குப் புரியும் மொழியில் வேதத்தைக் கேட்டனர். இலத்தீன் வகுப்பறையில் நடந்த விவாதம் தெருவுக்கு இறங்கிய இடம் அதுவே. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்ததால் சபைவிலக்குக்கு உள்ளான ஹுஸ், பாதுகாப்புச் சீட்டு ஒன்றை நம்பிக் கான்ஸ்டன்ஸ் நகரப் பேரவைக்குச் சென்றார். அங்கே சிறைவைக்கப்பட்டு, கருத்துகளைத் திரும்பப்பெற மறுத்து, 1415 சூலை 6ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார். ஓராண்டுக்குள் ஜெரோமும் அதே முடிவை எய்தினார். பிராக் பல்கலைக்கழகம் ஹுஸை ஒழுக்கத்திற் சிறந்த தியாகியென்று வெளிப்படையாக அறிவித்தது. 1417இல், அப்பமும் திராட்சை இரசமும் ஆகிய இரண்டையும் பொதுமக்களும் பெறலாம் என்று தீர்ப்பளித்து, கிண்ணத்தைத் தம் அடையாளமாகக் கொண்ட ஹுஸ் வழியினருக்கு அறிவாதரவாக நின்றது. விலை பெரிது. தொடர்ந்த போர்களில் சட்டம், மருத்துவம், இறையியல் ஆகிய துறைகள் அற்றுப்போக, கலைத்துறை ஒன்றே இரு நூற்றாண்டுகளுக்கு விளக்கை அணையாமல் காத்தது. சிற்றாலயத்தின் பெரும்பகுதி 1786இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய சுவர்களையும் பழைய படங்களையும் கொண்டு, கரோலினத்தைப் புதுப்பித்த அதே ஃபிராக்னர் 1950களின் தொடக்கத்தில் அதை மீண்டும் எழுப்பினார்.

பழைய நகர மன்றத்தின் சுவரிலுள்ள வானியல் கடிகாரமும் அக்கொந்தளிப்பின் நடுவே, 1410இல், உருவானதே. கதான் நகர மிக்குலாஷ் என்னும் கடிகாரக் கம்மியரும், பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்த யான் ஷிண்டெலும் அதற்கு உரியவர்கள். பின்வந்த ஹனுஷ் என்பவரே அதைச் செய்தார் என்றும், வேறெங்கும் செய்யாதிருக்க அவர் கண்கள் பறிக்கப்பட்டன என்றும் வழிகாட்டிகள் சொல்லும் கதை பிழையானது. கம்மியரும் கணித ஆசானும் கூடிச் செய்த வேலை என்னும் உண்மை அக்கதையைவிட அழகாக இருக்கிறது.

அதே கடிகாரத்தின் அருகில் நடைகற்களில் பதித்த இருபத்தேழு வெள்ளைச் சிலுவைகள் மற்றொரு திருப்பத்தைக் குறிக்கின்றன. 1618இல் ஹாப்ஸ்பர்க் மன்னரின் அதிகாரிகளைக் கோட்டைச் சாளரத்திலிருந்து வீசியெறிந்த பொஹீமியப் பிரபுக்களின் எழுச்சி, 1620 நவம்பர் 8ஆம் நாள் நகரத்துக்கு வெளியே வெண்மலைப் போரில் முறியடிக்கப்பட்டது. 1621 சூன் 21ஆம் நாள் அச்சதுக்கத்தில் கொல்லப்பட்ட இருபத்தெழுவருள் பல்கலைக்கழகத் தலைவர் யான் யெசென்ஸ்கியும் ஒருவர். 1600இல் பிராக்கில் பொதுமக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்து உடற்கூற்றை விளக்கிய மருத்துவர் அவர். எழுச்சியாளரின் தூதராக ஹங்கேரிக்குச் சென்று பேசியது அவர்மேல் சாட்டிய குற்றம். பேசிய நாக்கை முதலில் அறுத்த பிறகே தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு தலைகள் பாலத்தின் கிழக்குக் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கவிடப்பட்டன. இன்று நிழற்படம் எடுக்கும் கூட்டம் நெரியும் அக்கோபுரத்தின் கீழ் யெசென்ஸ்கியை நினைப்போர் சிலரே.

தோற்றவர்களின் பல்கலைக்கழகம் 1622இல் இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1556 முதலே பாலத்தின் கிழக்குமுனையில் அவர்கள் தமக்கென்று கிளெமெண்டினம் என்ற கல்விநிலையத்தை வளர்த்து வந்திருந்தனர். வீடுகளையும் சந்துகளையும் விழுங்கி விரிந்த அது, கோட்டைக்கு அடுத்தபடியாக நகரின் மிகப்பெரிய கட்டடத் தொகுதியாயிற்று. 1654இல் இரண்டும் இணைக்கப்பட்டு, சார்லஸ்-ஃபெர்டினாண்ட் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. அவ்விணைப்புக்கு ஆறு ஆண்டு முன்பு, முப்பதாண்டுப் போரின் இறுதியில், கோட்டையையும் மேற்குக் கரையையும் பிடித்த சுவீடன் படை பாலத்தைக் கடக்க முயன்றபோது, யிர்ஷீ பிளாஹீ என்னும் இயேசு சபைத் துறவியின் தலைமையில் மாணவர்கள் குடிமக்களோடு நின்று அதைத் தடுத்தனர். கோபுரத்தின் மேற்குப் பக்கத்துச் சிற்பங்கள் அன்று பீரங்கிக் குண்டுகளால் சிதைந்துபோயின, கிழக்குப் பக்கம் மட்டும் முழுமையாக இருக்கிறது. சபையினரின் ஆட்சி தணிக்கையும் கட்டாய மதமாற்றமும் கலந்த ஆட்சி. எனினும் 1722இல் அவர்கள் முடித்த நூலக மண்டபத்தையும், 1775 முதல் ஒருநாளும் விடாமல் வெப்பநிலையைக் குறித்துவரும் வானிலைப் பதிவேட்டையும் மறந்துவிட்டு அவர்களை எடைபோடுவது முறையாகாது.

மொழிக்கேள்வி மீண்டும் தலைதூக்கியது 1784இல். பேரரசர் இரண்டாம் யோசேப்பு இலத்தீனை அகற்றி ஜெர்மனைப் பயிற்றுமொழியாக்கினார். அதே ஆண்டு பிராக்கின் நான்கு தனி நகரங்களும் ஒரே நகராட்சியாயின. எவருக்கும் தாய்மொழியாக இல்லாததால் எல்லாருக்கும் பொதுவாக இருந்த மொழி போய், மக்களில் ஒரு பகுதியினரின் மொழி அரியணை ஏறியது. ஒரு நூற்றாண்டுக் காலம் செக் மொழியாளர் உழைத்து, இலக்கணமும் அகராதியும் கலைச்சொற்களும் படைத்து, தம் மொழி உயர்கல்விக்கு ஏற்றது என்று மெய்ப்பித்த பிறகு, 1882இல் பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என இரண்டாகப் பிளந்தது. இரண்டும் ஒரே நகரில், கரோலினத்தின் மண்டபத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று அறியாதவைபோல வாழ்ந்தன. ஜெர்மன் பகுதியில் இயற்பியலறிஞர் எர்ன்ஸ்ட் மாஹ் தலைவராக இருந்தார். 1906இல் ஃபிரான்ஸ் காஃப்கா சட்ட முனைவரானார். 1911 ஏப்ரல் முதல் 1912 கோடை வரை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பேராசிரியராக இருந்து, ஈர்ப்புவிசை ஒளியை வளைக்கும் என்பதைக் குறித்த ஆய்வுரையை அங்கிருந்தே எழுதினார்.

செக் பகுதியின் பெருமை ஒரு கசப்பான விவாதத்தில் வெளிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கண்டெடுக்கப்பட்ட' இரு சுவடிகள், செக் மொழியில் மிகப்பழைய காவியப்பாடல்கள் இருந்தன என்பதற்குச் சான்றாகப் போற்றப்பட்டு வந்தன. 1886இல் மொழியறிஞர் யான் கெபாவரும் மெய்யியல் பேராசிரியர் தாமஸ் மஸாரிக்கும், அவை பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று மொழிச்சான்றும் வரலாற்றுச்சான்றும் காட்டி நிறுவினர். இனத்துரோகி என்ற வசை அவர்கள்மேல் பொழிந்தது. ஒரு மொழியின் மேன்மை பொய்யின் மேல் நிற்கத் தேவையில்லை என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தனர். தாய்மொழிக் கல்விக்காகப் போராடிப் பெற்ற பல்கலைக்கழகம், நான்கே ஆண்டுகளில் அம்மொழியின் பழம்பெருமைக் கதையையே சோதிக்கும் துணிவைப் பெற்றிருந்தது. பிராக்கின் கல்வி வரலாற்றில் இதைவிட உயர்ந்த கணம் இருப்பதாகத் தோன்றவில்லை. அதே மஸாரிக் 1918இல் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் முதல் தலைவரானார்.

புதிய குடியரசு 1920இல் இயற்றிய சட்டம், சார்லஸ் நிறுவிய பழைய பல்கலைக்கழகத்தின் வாரிசு செக் பல்கலைக்கழகமே என்றும் அப்பெயரும் அதற்கே உரியது என்றும் கூறியது. 1934 நவம்பரில் பழைய செங்கோல்களையும் முத்திரைகளையும் ஜெர்மன் தரப்பு கையளிக்க வேண்டிவந்தபோது தெருச்சண்டை மூண்டது. ஐந்து ஆண்டுகளில் காட்சி மாறியது. நாஜிகள் நகரைப் பிடித்திருந்த 1939 அக்டோபர் 28ஆம் நாள் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்ட மருத்துவ மாணவர் யான் ஓப்லெட்டல் சில நாளில் இறந்தார். அவரது இறுதி ஊர்வலம் மீண்டும் ஆர்ப்பாட்டமாயிற்று. நவம்பர் 17ஆம் நாள் விடியுமுன் மாணவர் விடுதிகள் சூழப்பட்டன. ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 1,200 மாணவர்கள் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். செக் உயர்கல்வி நிலையங்கள் அனைத்தும் பூட்டப்பட்டன. 1945இல் போர் முடிந்ததும் ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒழிக்கப்பட்டது. நாட்டிலிருந்த ஜெர்மன் மொழியினர் இலட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். 1409இல் தொடங்கிய வழக்கு இப்படி, வழக்காடும் ஒரு தரப்பே இல்லாமற்போய் முடிந்தது. போரின் கடைசி வாரங்களில் பழைய செங்கோல்களும் 1348இன் மூலப்பட்டயமும் கொள்ளைபோயின. அவை இன்றுவரை கிடைக்கவில்லை.

பிற்காலத்துக் கதை பலரும் அறிந்தது. 1968இல் சோவியத் தலைமையிலான படைகள் புகுந்த பின், மக்கள் சோர்ந்து அடங்குவதைக் காணப் பொறாத கலைத்துறை மாணவர் யான் பலாஹ், 1969 சனவரி 16ஆம் நாள் வாத்ஸ்லாவ் சதுக்கத்தின் உச்சியில் தன்னுடலில் தீவைத்துக்கொண்டு மூன்றாம் நாள் இறந்தார். அவர் படித்த துறையின் கட்டடம் நிற்கும் ஆற்றங்கரைச் சதுக்கம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 1989 நவம்பர் 17ஆம் நாள், ஓப்லெட்டலின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக மருத்துவத்துறைக் கட்டடங்கள் சூழ்ந்த ஆல்பர்த்தோவிலிருந்து புறப்பட்ட மாணவர் ஊர்வலம் நாரோத்னி தெருவில் காவலரால் அடித்து நொறுக்கப்பட்டது. அந்த அடியே ஆட்சி மாற்றத்தின் தொடக்கமாயிற்று.

1968க்குப் பின் அங்கிருந்து வெளியேறிய அறிஞருள் ஒருவர் தமிழருக்கு நெருங்கியவர். பிராக்கின் இரு பல்கலைக்கழகங்களிலும் இந்தியவியல் பழைய வேருடையது. ஜெர்மன் பகுதியின் மோரிஸ் வின்டர்நிட்ஸும் செக் பகுதியின் வின்செந்த்ஸ் லெஸ்னியும் தாகூரின் சாந்திநிகேதனில் கற்பித்தவர்கள். அம்மரபில், 1946 முதல் 1952 வரை சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற கமில் சுவலபில், வடமொழியிலிருந்து தமிழுக்குத் திரும்பி, பிராக்கின் கீழைத்தேய நிறுவனத்தில் ஆராய்ந்தும் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தும் வந்தார். சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் பெயர்த்தார். 1964இல் தனிநாயகம் அடிகளோடு இணைந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். படையெடுப்புக்குப் பின் நாடு நீங்கி, நெதர்லாந்தில் தங்கிப் பணியாற்றினார். தமிழ் இலக்கிய வரலாற்றை மேலைநாட்டாருக்கு உணர்த்திய 'முருகனின் முறுவல்' என்னும் ஆங்கில நூல் 1973இல் வெளியானது அவ்வயல்வாழ்வில்தான். அவர் விட்டுச்சென்ற இடத்தில் யாரோஸ்லாவ் வாசெக் பல்லாண்டுகள் தமிழையும் வடமொழியையும் கற்பித்து மாணவரை உருவாக்கினார். ஒரு மொழிக்கு மூன்று வாக்கா ஒரு வாக்கா என்று தன்னுள்ளே ஓயாது போராடிய ஒரு கல்விக்கூடம், ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஒரு மொழியின் சங்கப் பாடல்களை வரிவரியாகப் படித்துக் காட்டியதற்குத் தமிழுலகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்று சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பதினேழு துறைகள் உள்ளன. பாடங்கள் செக்கிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. பட்டமளிப்பு மட்டும் பழையபடி கரோலினத்தின் பெருமண்டபத்தில் நிகழ்கிறது. கொள்ளைபோனவற்றுக்கு மாற்றாகச் செய்த செங்கோலின்மேல் இரு விரல்களை வைத்து, பட்டம் பெறுவோர் ஒவ்வொருவரும் உறுதியும் வாக்கும் தருவதாகச் சொல்லும் மூன்று சொற்களும், 1348இன் பட்டயம் எழுதப்பட்ட அதே இலத்தீனிலேயே இருக்கின்றன.